சாவிக்காரனின் வாய்

வடகோபுரத்தில் இருபத்தொரு வீரர்கள் குடியிருந்தார்கள். நெருப்பைக் கக்குகிறவள், சுவரில் ஊர்கிறவன், ஏழு கை உள்ளவன், காற்றைப் பிடித்து முடிச்சுப் போடுகிறவள் என்று ஆளுக்கொரு வித்தை. அந்த இருபத்தொரு பேரையும் எழுதிக் கரைசேர்க்கும் பொறுப்பு ஷூஷான் தெர்ஸியானின் தலையில் விழுந்திருந்தது. சண்டை எழுதுவது பெரிய காரியமில்லை. யாரை வேண்டுமானாலும் தூக்கி எந்தக் கட்டிடத்தின் மேலும் எறிந்துவிடலாம், வரைகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அத்தனை பேருக்கும் பேச வாய் கொடுப்பதுதான் பெரும்பாடு.

படப்பிடிப்பு நிறுவனங்கள் நிறைந்த பர்பாங்க் நகரில் கார்ட்டூன் எழுதிப் பிழைக்கிற எல்லோருக்கும் இந்தப் பாடு தெரியும். குரல் கொடுக்க வரும் நடிகர் மைக் முன்னால் நின்று 'ம்' என்றாலும் ஒரு முழுச் சம்பளம், நூறு வரி பேசினாலும் அதே சம்பளம். அதனால் ஒரு எபிசோடுக்கு எட்டு நடிகர்களுக்கு மேல் கூப்பிடக் கூடாது என்று சேனல்காரர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் அழைப்பு வராதவர்களின் வீரர்கள் பின்வரிசையில் கைகட்டி, மார்பை நிமிர்த்தி, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உலகமே இடிந்து விழும்போதும் ஒரு 'ஐயோ' சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது.

ஷூஷானால் இதைத் தாங்க முடிவதில்லை. பக்கத்து ஊரான கிளெண்டேலில் ஆறு பெண்கள் இருந்த வீட்டில் நான்காவதாகப் பிறந்தவள் அவள். குடும்பப் படங்களில் எப்போதும் யாராவது ஒரு அக்காவின் தோளுக்குப் பின்னால் பாதி முகமாக இருப்பாள். அதனாலோ என்னவோ, கதையில் ஒருவன் பின்தங்கிவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. எழுத்தாளர்கள் உட்காரும் அறையின் சுவர் முழுக்க வண்ண அட்டைகளைக் குத்தி வைத்திருந்தாள். வீரனுக்கு ஒரு வரிசை, எபிசோடுக்கு ஒரு கட்டம். இந்த வாரம் யார் பேசுகிறார்கள், போன வாரம் யார் பேசவில்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். யார் வந்து குறை சொன்னாலும் சுவரைக் காட்டுவாள். சுவர் நியாயமாக இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தக் கர்வத்துக்கு வேட்டு வைத்தவன் டோமாஸ். படத்தையும் ஒலியையும் ஒட்டிச் சேர்க்கும் எடிட்டர், மாடிப்படிக்குக் கீழே ஓர் இருட்டு அறையில் வாழ்கிறவன். அக்டோபர் மாதம், பாலைவனக் காற்று கண்ணாடிக் கதவுகளைத் தடதடவென ஆட்டிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில், முன்கதைச் சுருக்கம் தயார் பண்ணுவதற்காக இருவரும் பழைய எபிசோடுகளை வரிசையாக ஓட விட்டார்கள்.

"இந்தச் சாவிக்காரன் மாதிரி எல்லாரும் இருந்துட்டா எனக்கு வேலையே இல்ல," என்றான் டோமாஸ்.

"ஏன்?"

"பேச்சுன்னு வந்தா இந்த ஆளுக்கு ஒரே வாய்தான். மூடின வாய். அதையே எடுத்து எடுத்து ஒட்டிக்கிட்டிருக்கேன்."

ஷூஷான் சிரித்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

சாவிக்காரன் கோபுரத்திலேயே மூத்தவன். தொப்பையும் நரைத்த மீசையுமாக, இடுப்பில் சாவிக்கொத்தோடு திரிகிறவன். எந்தக் கதவைத் திறந்தாலும் அது அவன் நினைத்த ஊரில் போய்த் திறக்கும். வாய் ஓயாதவன். ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் நின்று பிரசங்கம் பண்ணாமல் நகர மாட்டான். அப்படித்தான் ஷூஷான் அவனை எழுதியிருந்தாள். ஆனால் திரையில் அவன் கதவைத் திறந்தான், விழுந்தான், எழுந்தான், "ஹோ!" என்று கத்தினான், வயிறு குலுங்கச் சிரித்தான். பேசவில்லை. அவள் அவனுக்கென்று எழுதிய வரிகளை நெருப்புக்காரி பேசிக்கொண்டிருந்தாள், இல்லாவிட்டால் ஏழுகையன் பேசிக்கொண்டிருந்தான்.

"நிறுத்து. அடுத்ததைப் போடு," என்றாள்.

அடுத்ததிலும் அதே கதை. அதற்கு அடுத்ததிலும் அதேதான்.

ஒலிப்பதிவு நாள்களில் ஷூஷான் ஸ்டூடியோவுக்குப் போவதில்லை. அடுத்த எபிசோடு கழுத்தில் கத்தியாகத் தொங்கும்போது யார் போய் உட்காருவது, முடிந்த படத்தை யார் பார்ப்பது? பதிவையெல்லாம் குரல் இயக்குநர் வின்னி பார்த்துக்கொள்வாள் என்று விட்டிருந்தாள். அவளுடைய சுவர் ஸ்கிரிப்டை வைத்துக் கணக்குப் பார்த்தது. ஸ்கிரிப்ட் மைக் வரை போவதற்குள் என்ன ஆகிறது என்று சுவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

நேராக வின்னியிடம் போனாள். வின்னி ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓரினோட லைனையெல்லாம் யாரு மாத்துறா?"

ஓரின் பெல்ச்சர்தான் சாவிக்காரனுக்குக் குரல். அறுபதைத் தாண்டியவர். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் கேட்டு வளர்ந்த காலை உணவுத் தானிய விளம்பரக் கரடி, பேசும் லாரி, மந்திரவாதி எல்லாம் அவர்தான்.

"யாரும் மாத்தல," என்றாள் வின்னி. "அவரே குடுத்துடுறார். 'இது அந்தப் பொண்ணு சொன்னா நல்லாருக்கும்'னு காமிப்பார். பதிவுல இதெல்லாம் சகஜம்தானே."

"எல்லா வாரமுமா சகஜம்?"

"அவருக்குப் பெரிய மனசு."

"சின்னப் பசங்க அதை அப்படியே முழுங்கிக்கிறாங்க. நீயும் பாத்துட்டு இருக்கே."

வின்னி ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"நான் சாவிக்காரனுக்குன்னே ஒரு எபிசோடு எழுதப்போறேன். முழுக்க முழுக்க அவன்தான். யாரும் தூக்கிக் குடுக்க முடியாது, யாரும் வாங்க முடியாது."

"வேண்டாம் ஷூஷான். கொஞ்சம் பொறு."

"எதுக்கு?"

"பொறுன்னா பொறேன்."

இந்த இடத்தில் ஷூஷான் பொறுத்திருக்கலாம். வின்னி வெட்டிப் பேச்சு பேசுகிறவள் அல்ல என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் நியாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடும். இளசுகளைக் காப்பாற்றத்தான் வின்னி பூசி மெழுகுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, வீறாப்பாக மாடியேறிப் போய்விட்டாள்.

எழுதினாள். நன்றாகவே வந்தது. கோபுரத்தின் கதவுகளெல்லாம் ஒரே சமயத்தில் தவறான ஊர்களில் திறக்க ஆரம்பிக்கின்றன, வீரர்கள் ஆளுக்கொரு மூலையில் சிதறிப் போகிறார்கள், கிழவன் ஒருவனே அலைந்து ஒவ்வொருவராகத் தேடிக் கூட்டி வருகிறான். கடைசியில் ஒரு முழுப் பக்கத்துக்குப் பிரசங்கம். ஓரின் இதைப் படித்துவிட்டு என்ன நினைப்பார் என்று யோசித்து யோசித்துச் சந்தோஷப்பட்டாள்.

முதலில் படித்துவிட்டுக் கூப்பிட்டவர் சேனல்காரர் கல்லிகன். எதையும் எளிதில் பாராட்டாத மனிதர். "அந்தக் கடைசிப் பேச்சு இருக்கே, பிரமாதம். விளம்பரத்துக்கே அதைத்தான் போடப்போறோம். வியாழக்கிழமை பதிவுக்கு நானே வர்றேன்," என்றார். அன்று முழுவதும் ஷூஷானின் கால் தரையில் பாவவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், வண்டி நிறுத்தும் இடத்துக்கு டாக்கோ என்ற மடித்த ரொட்டி விற்க வரும் வண்டிக்குப் பக்கத்தில் ஓரின் நின்றுகொண்டிருந்தார். கையில் சுருட்டிய ஸ்கிரிப்ட். வருடக் கடைசி விருந்தில் ஒன்றிரண்டு முறை பார்த்ததோடு சரி, அதற்குமேல் பழக்கமில்லை.

"படிச்சீங்களா?" என்றாள் ஷூஷான், முகமெல்லாம் சிரிப்பாக.

அவர் வாயைத் திறந்தார். "ந-ந்... நல்... லா..." சொல் வெளியே வருவதும் தொண்டையில் சிக்கி நிற்பதுமாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் யாரோ கழுத்தைப் பிடித்து நெரித்துவிட்டு அனுப்புவது போல் கேட்டது. கேட்டுக்கொண்டிருந்த ஷூஷானுக்கே கழுத்து வலித்தது.

அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் இருவரின் டாக்கோக்களும் ஆறிப்போயின. விஷயம் இதுதான். பேச முயன்றால் தொண்டைத் தசை தானாகவே இறுகிக்கொள்கிறது. ஒன்றரை வருடமாக இப்படி. கழுத்தில் ஓர் ஊசி போட்டால் சில வாரங்கள் தேவலை, பிறகு பழையபடி. அந்த ஊசியைக் கைக்காசில் போட்டுக்கொள்ள முடியாது, நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு இருப்பதால்தான் முடிகிறது. வருடத்துக்கு இத்தனை பதிவாவது செய்தவர்களுக்குத்தான் சங்கம் காப்பீடு கொடுக்கும். மற்ற வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மிச்சமிருப்பது சாவிக்காரன் மட்டும்.

"சே... சேனல்ல தெரிஞ்சா," என்றார் ஓரின், "வேற ஆ-ஆளு. என் கு... குரல்லயே பேசுற பசங்க ரெ... ரெண்டு பேரு... இந்தத் தெருவுலயே இருக்கானுங்க."

"அப்ப வின்னிக்கு...?"

"எல்... லாருக்கும் தெ-தெரியும். எல்லாப் பசங்களுக்கும்."

பெருந்தன்மையும் இல்லை, பறித்துக்கொள்ளுதலும் இல்லை. அரைவட்டமாக மைக் முன்னால் நின்ற அத்தனை பேரும் அந்த மனிதரின் பாரத்தை ஆளுக்குக் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அடுத்த ஊசி நவம்பர் கடைசியில். பதிவு நாளைத் தள்ளிப்போடவும் வழியில்லை, குரல் கிடைத்தால்தான் சியோலில் வரைகிறவர்கள் பென்சிலைத் தொடுவார்கள்.

"என்னை மன்னிச்சிடுங்க ஓரின். நான் நல்லதுன்னு நெனைச்சு..."

"தெ-தெரியும்." அவர் அவள் கையில் தட்டினார். "கூரை மேல ஏ... ஏத்தி விட்டுட்டே, எ-எறங்க வழியில்ல. அவ்... ளோதான்."

"ஆனா படத்துல கத்துறீங்களே! சிரிக்கிறீங்களே! அதுல ஒண்ணுமே தெரியலையே."

பதில் சொல்வதற்குப் பதிலாக ஓரின் தலையைப் பின்னால் சாய்த்து, சாவிக்காரனின் சிரிப்பைச் சிரித்தார். தங்குதடை இல்லாமல், கண்டாமணி மாதிரி கிளம்பியது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்கோக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"அது வ... வரும்," என்றார் ஓரின். "பே-பேச்சு மட்டும்..." கையை விரித்தார்.

ஷூஷான் மாடிக்குப் போய் அந்தப் பிரசங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தான் எழுதியதிலேயே நல்ல பக்கம் என்று இரண்டு நாளைக்கு முன்னால் நினைத்திருந்தாள். இப்போது அதைப் பார்த்தால் கோபம் வந்தது. சின்னச் சின்ன வரிகளை வெட்டுவது கஷ்டமாக இல்லை. 'இந்தக் கதவு வேண்டாம்' என்பதை ஒரு முனகலாக மாற்றலாம், 'பயப்படாதே' என்பதைத் தோளில் வைத்த ஒரு கையாக மாற்றலாம். பிரசங்கத்தை என்ன செய்வது? கல்லிகன் மயங்கியதே அதில்தான்.

சாயங்காலம் வின்னி வந்து கதவருகில் நின்றாள்.

"சொன்னாரா?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்தான்," என்றாள் வின்னி. "ஆனா நீ நியாயம் பேசுற ஆளு. நியாயம் பேசுறவங்ககிட்ட ரகசியத்தைக் குடுக்க பயமா இருக்கு. சபையில கொண்டு போய் வெச்சுடுவாங்க."

ஷூஷானுக்குச் சுருக்கென்றது. நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். வின்னி உட்கார்ந்தாள். இருவருமாக அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தச் சாவிக்காரன் எப்பவும் ஒரே பேச்சுதானே பேசுவான்," என்றாள் வின்னி. "முதல் வாரத்துலேர்ந்து. 'நாம சின்னவங்கதான், ஆனா நாம நிறைய பேரு...' எங்க பசங்க கேண்டீன்ல இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணுவானுங்க. எல்லாருக்கும் மனப்பாடம்."

ஷூஷான் பேனாவைத் தேடினாள்.

அவள் எழுதியது இப்படி இருந்தது. எல்லோரையும் தேடிக் கூட்டி வந்த சாவிக்காரன் மூச்சு வாங்கி மாடிப்படியில் உட்கார்ந்துவிடுகிறான். எதிரி வாசலில். வழக்கம் போலப் பேச வாயெடுக்கிறான். மூச்சு இல்லை. அப்போது நெருப்புக்காரி, "கெழவா, நீ உக்காரு. நாங்க சொல்றோம்," என்கிறாள். "நாம சின்னவங்கதான்," என்று அவன் மாதிரியே தொப்பையைத் தள்ளிக்கொண்டு ஆரம்பிக்கிறாள். "ஆனா நாம நிறைய பேரு," என்கிறான் ஏழுகையன். அடுத்த வரி அடுத்தவனுக்கு. கேலியாகத் தொடங்கியது போகப் போகக் கேலி குறைந்து, கடைசி வரியில் யாரும் யாரையும் பார்க்காமல் நிற்கிறார்கள். கிழவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறான்.

எழுதி முடித்துவிட்டு ஷூஷான் வழக்கப்படி வரிகளை எண்ணப் போனாள். பாதியில் விட்டுவிட்டாள். எண்ணத் தேவையிருக்கவில்லை.

வியாழக்கிழமை அவளும் ஸ்டூடியோவுக்குப் போனாள். எட்டு மைக், எட்டு தாள்தாங்கி, எட்டு பேர். வயிறு உறுமினால் மைக் பிடித்துவிடும் என்பதால் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வின்னி, ஷூஷான், நடுவில் காபிக் கோப்பையோடு கல்லிகன்.

"பேச்சைப் பிரிச்சுட்டீங்களாமே," என்றார் கல்லிகன்.

"கேளுங்க. பிடிக்கலைன்னா சொல்லுங்க."

பதிவு தொடங்கியது. ஓரின் முனகினார், கத்தினார், கதவோடு மல்லுக்கட்டினார், பனியில் விழுந்து எழுந்தார். ஒவ்வொன்றும் சுத்தம். மாடிப்படிக் காட்சி வந்தது. நெருப்புக்காரிக்குக் குரல் கொடுக்கிற ப்ரினா என்ற பெண் தொப்பையைத் தள்ளிக்கொண்டு, "நாம சின்னவங்கதான்," என்றாள். பக்கத்து மைக்கில் நின்றவர் உடனே பிடித்துக்கொண்டார். வரி ஒரு மைக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போனது. கேலி மெல்ல மெல்ல வடிந்தது. கடைசி வரிக்கு அப்புறம் ஓரின் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நடிப்பு எவ்வளவு என்று ஷூஷானால் சொல்ல முடியவில்லை.

கல்லிகன் கோப்பையைக் கீழே வைத்தார். "முன்னத விட இது நல்லாருக்கு," என்றார்.

ஷூஷானுக்கு மூச்சு வந்தது.

"ஆனா ஒண்ணு," என்றார் கல்லிகன். "அவர் எபிசோடு. அவர் ஒரு வார்த்தை கூடப் பேசலையே. கடைசில ஒரு வரி வேணும். எல்லாரும் எழுந்திருக்கிறப்ப, 'கதவு திறந்திருக்கு, வாங்க வீட்டுக்குப் போலாம்'னு. விளம்பரத்துக்கு எனக்கு அவர் குரல் வேணும்."

"சிரிப்பே போதும்னு நெனைக்கிறேன்," என்றாள் ஷூஷான்.

"ஒரே ஒரு வரிதானே." கல்லிகன் நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டை போடலாம். அவரே கை நீட்டி உள்ளே பேசுகிற பொத்தானை அழுத்தினார். "ஓரின், கடைசில இதைச் சொல்லிடுங்க: கதவு திறந்திருக்கு, வாங்க வீட்டுக்குப் போலாம்."

உள்ளே ஓரினைத் தவிர மற்ற ஏழு பேரும் குனிந்து தங்கள் தாள்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ப்ரினா மட்டும் நிமிர்ந்தாள். "அதை நான் சொல்லட்டுமா? நெருப்புக்காரி சொன்னா நல்லாருக்குமே."

"இல்லம்மா, அவர்தான்."

ஓரின் தலையாட்டினார். மைக் அருகே வந்தார். "க..." என்றார். நின்றுவிட்டது. கனைத்துக்கொண்டார், தண்ணீர் குடித்தார். "க-கத..." மறுபடி நெரிபட்டது. ஒலிபெருக்கியில் அந்த நெரிசல் துல்லியமாகக் கேட்டது.

கல்லிகன் முன்னால் சாய்ந்தார். "அவருக்கு உடம்பு சரியில்லையா?"

வின்னியின் கை பொத்தான்களுக்கு மேலே அசையாமல் நின்றது. ஷூஷான் அவசரமாக யோசித்தாள். சளி என்று சொல்லலாம், காலையிலிருந்தே தொண்டைக்கட்டு என்று சொல்லலாம். இன்னொரு நாள் வரச் சொல்வார். அன்றைக்கும் இதேதான் நடக்கும். பெரியவரின் ஊசியும் வேலையும் இந்த ஒற்றை வரியில் வந்து நிற்கின்றன, அதற்குக் காரணம் நான்தான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

"கல்லிகன், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

ஓரின் பாடினார். எந்தப் பாட்டும் இல்லை, ஒரு மெட்டுக்கூட ஒழுங்காக இல்லை. மதுக்கடையிலிருந்து தோளில் கை போட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள் இழுப்பார்களே, அந்த இழுப்பு. சுருதி எங்கோ, அவர் எங்கோ. ஆனால் சாவிக்காரனின் குரல் முழுசாக வந்தது. "கதவு... திறந்திருக்கு..." இடையில் அவரே திடுக்கிட்டு நிறுத்தினார். தொண்டையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு, கிணற்றில் குதிக்கிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, "வாங்க வீட்டுக்குப் போலாம்!" என்று கூரை அதிரப் பாடி முடித்தார். ஒரு சொல்லும் சிக்கவில்லை.

ப்ரினா வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழுகையனுக்குக் குரல் கொடுக்கிறவன் மைக்கையும் மறந்து கைதட்டினான். பதிவு கெட்டது, யாரும் கவலைப்படவில்லை.

கல்லிகன் விழுந்து விழுந்து சிரித்தார். "இது யாரோட யோசனை?"

"அவரோடதுதான்," என்றாள் வின்னி, கண் இமைக்காமல்.

"சாவிக்காரன் வீட்டுக்குத் திரும்பும்போது பாடுவான்," என்றாள் ஷூஷான். அந்த நொடி வரை அவளுக்கே தெரியாத விஷயம் அது.

"திரும்பும்போது மட்டும் ஏன்? எப்பவும் பாடட்டுமே. பிள்ளைங்ககிட்ட பிச்சுக்கும்." கல்லிகன் காபியை எடுத்துக்கொண்டார். "என்னவோ சொல்ல வந்தீங்களே?"

"இதைத்தான்," என்றாள் ஷூஷான்.

பதிவு முடிந்து வெளியே வந்தபோது காற்று அடங்கியிருந்தது. ஓரின் தன் காரின் மேல் சாய்ந்து நின்றார். சட்டையெல்லாம் வியர்வை.

"பாட்டு வரும்னு ஏன் சொல்லல?"

"தெ... தெரியாது." அவர் தலையை ஆட்டினார். "நா-நான் பாடுனதே இல்ல. எம் பொ-பொண்டாட்டி லோயிஸ் பா... பாட விடமாட்டா."

"மூணு ஸ்கிரிப்ட் ஏற்கெனவே எழுதியாச்சு. எல்லாத்தையும் பாட்டா மாத்தணும். என்கூட எழுதுற பசங்க உங்களைச் சபிக்கப் போறானுங்க."

அவர் சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குப் போன் பண்ணி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்பதும், போனில்தான் தொண்டை எல்லாவற்றையும்விட மோசமாக இறுகும் என்பதும் ஷூஷானுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. எண்ணை அழுத்தினார். மறுமுனையில் ஒரு பெண் குரல், காது கொஞ்சம் மந்தமானவர்களின் உரத்த குரல், "ஹலோ? ஹலோ?" என்றது.

"லோயிஸ்... நான்தான்..." என்று ஓரின் அதே கோணல் இழுப்பில் பாடினார். "வேலை முடிஞ்சுது... கிளம்பிட்டேன்... கறி வாங்கணுமா... சொல்லு..."

"ஓரின்? குடிச்சிருக்கியா?"

"இல்லவே இல்ல..." என்று பாடினார் ஓரின்.

சொல் சிக்காமல் வருகிறது என்பது அந்தப் பக்கம் அவளுக்கு எப்போது புரிந்தது என்று ஷூஷானால் சொல்ல முடியவில்லை. அடுத்து வந்த குரலில் உரப்பு இல்லை.

"நிறுத்தாதே," என்றாள் லோயிஸ். "என்ன வேணா பாடு. நிறுத்தாம பாடு."

ஓரின் காரின் கூரையில் தாளம் போட்டுக்கொண்டு, இறைச்சிக்கடையைப் பற்றியும் வழியில் இருக்கும் நெரிசலைப் பற்றியும் பாட ஆரம்பித்தார். ஷூஷான் அவரை அங்கேயே விட்டுவிட்டு மாடிக்கு நடந்தாள்.